இரண்டு படி வைக்கலாமா?



விசுவாசத்துக்குப் பகுத்தறிவு பகையா? யாழ்ப்பாணத்தில் நடந்ததைக் கவனியுங்கள்.

அமெரிக்கப் புராட்டஸ்டாண்டு மிஷனரிமார் 1823-ல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினாரி தொடங்கினார்கள். 1824-ல் அவர்களுடைய பள்ளிகளில் ஜெபமும் மனந்திரும்புதலுமாய்ப் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அதே செமினாரியில் வானசாஸ்திரமும் கற்பித்தார்கள். 1829-ல் ஒரு சந்திர கிரகணத்துக்குப் பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியார் ஒரு கணக்குச் சொன்னார். செமினாரித் தலைவர் டானியல் பூர் வேறு கணக்குச் சொன்னார். பூரின் கணக்கே சரியாயிற்று. புராணம் தோற்றதென்று மிஷனரிமார் மகிழ்ந்தார்கள்.

ஆனால் கேள்வி அதோடு நிற்கவில்லை. எங்கள் நூலைச் சோதித்தவர்கள் தங்கள் நூலையும் சோதிக்கட்டும் என்றார்கள் சைவர்கள். வேதாகம மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவிய ஆறுமுக நாவலரே 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதி, வேதாகமத்தைக் கொண்டே பதில் சொன்னார். அந்தச் செமினாரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினார்.

வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைப்பவனை நம் செட்டிநாட்டுக் கடைவீதி மன்னிக்குமா? பிறர் மதத்தை அளக்கப் பகுத்தறிவு, நம்முடையதைக் கேட்டால் கோபம் என்பதும் அதே குற்றந்தான். கலிலேயோவை விசாரித்தவர்கள் தவறினார்கள் என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-ல் ஒப்புக்கொண்டார். அதனால் நம் விசுவாசம் அழிந்துவிட்டதா? இல்லையே! புத்தியைத் தந்தவரும் சர்வேசுரன்தானே.

ஆகையால் பெற்றோர்களே, கல்லூரிக்குப் போகும் பிள்ளை சந்தேகத்தோடு வந்தால் அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைச் சேர்ந்து தேடுங்கள். அதட்டினால் பிள்ளையின் வாய் அடங்கும்; சந்தேகம் அடங்காது.