கல்லறைப் புல்லும் மரியாதையும்

இறந்தாருக்கு இருப்போர் செய்யத்தக்க மரியாதை யாது? கல்லறையைச் சுற்றிப் புல் உயர்ந்து நின்றால், "கேட்பாரற்றுக் கிடக்கிறது" என்று கூறுவது வழக்கம். புல்லை ஒட்ட அறுத்து, இடத்தைத் துடைத்தாற்போல் வைத்திருப்பதே அன்பின் அடையாளமென எண்ணுகிறோம். இவ்வெண்ணம் முற்றிலும் பொருந்துமா என்பதை, இங்கிலாந்து தேசத்துக் கிராமங்களில் நடைபெற்று வரும் ஒரு தொண்டைக் கொண்டு ஆராய்வோம்.

அங்கே பழைய தேவாலயங்களைச் சூழ்ந்து புதைகாடுகள் உள்ளன. 1930ஆம் ஆண்டுகளுக்குப் பின், உழவு பெருகியதாலும் இரசாயன உரத்தாலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டுப்பூக்கள் நிறைந்திருந்த பழைய புல்வெளிகளில் நூற்றுக்கு 97 பங்கு அழிந்தொழிந்தது. ஆலய மதிலுக்குள் அடங்கிய நிலமோ ஏரையும் உரத்தையும் அறியாது கிடந்தது. ஆதலின் வயல்வெளியில் ஒழிந்த செடிகள் பல இறந்தாரின் நிழலில் உயிர் தப்பின. ஆனால் மோட்டார் யந்திரம் கொண்டு அடிக்கடி புல்லை வெட்டும் பழக்கம் வந்ததும், அவை மொட்டவிழுமுன்னரே தலையிழந்தன.

இதனை மாற்றவே ஊரார் சிலர் ஊதியம் கருதாது முன்வந்துள்ளனர். 'கேரிங் ஃபார் காட்ஸ் ஏக்கர்' என்னும் சங்கம் இத்தகையோர்க்கு வழிகாட்டி வருகிறது. வசந்தத்தில் முளைத்தெழும் செடிகளை இவர்கள் தொடுவதில்லை. பூத்து விதை முற்றிய பின், ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ அரிவாள் கொண்டு அறுக்கின்றனர். விதை உதிருமாறு சில நாள் உலரவிட்டு, அறுத்த புல் அனைத்தையும் வாரி அப்புறப்படுத்துகின்றனர். வாராது விட்டால் அது மக்கி உரமாகும். உரம் மிகுந்தால் முரட்டுப் புல் கொழுத்துப் பூச்செடியை அமுக்கிவிடும். மண்ணை மெலியவைத்துப் பூவை வளர்க்கும் முறை இது.

மஞ்சள் கிலுகிலுப்பை எனப் பொருள்படும் 'எல்லோ ராட்டில்' என்னும் செடி இவர்களுக்குப் பெருந்துணை. அது புல்லின் வேரில் ஒட்டி அதன் சாரத்தை உறிஞ்சி, அதனைத் தளரச் செய்து, பிற பூக்களுக்கு இடமளிக்கிறது. ஓராண்டே வாழும் அச்செடியை விதை உதிருமுன் அறுத்துவிட்டால், பின் அது அவ்விடத்தில் அரிதாகிவிடும். ஒருகாலும் அறுக்காது விட்டாலோ, முட்புதரும் மரக்கன்றும் மூடிக்கொள்ளும். எனவே இத்தொண்டைச் சோம்பல் என்று பழிப்பது அறியாமை. கையை எப்போது நீட்டுவது, எப்போது மடக்குவது என்று அறிந்து செய்யும் உழைப்பு இது.

ஆயினும் இதற்கு எதிராக எழும் ஒரு குரலை நாம் தள்ளிவிடுவதற்கில்லை. கணவனை அண்மையில் புதைத்த ஒருத்தி, முழங்காலளவு ஈரப்புல்லில் நடந்து அவன் கல்லைத் தேட வேண்டியிருக்கிறதென்று கொள்வோம். அவள் செடிநூல் கற்க வந்தவளல்லள். அவளிடம் விதைக் கணக்குப் பேசுவது அறமாகுமா? ஆகாது. அவள் வருத்தத்தை மூடப்பழக்கமென்று ஒதுக்குவது சீர்திருத்தமுமன்று. நல்ல தொண்டர் பாதைகளை வெட்டிவைப்பர். புதிய கல்லறைகளைக் குறும்புல்லாகவே காப்பர். செய்வதன் காரணத்தைப் பலகையில் எழுதி நாட்டுவர். இவ்வளவுக்குப் பின்னும் அவள் மறுப்பாளாயின், அக்கல்லறையளவில் அவள் சொல்லே நிற்க வேண்டுமென்பது நம் துணிபு. பூவுக்கு வேறோர் ஆறடி கிடைக்கும்; அவளுக்கு உள்ளது அந்த ஆறடி ஒன்றே.

ஆனால் இருநூறு ஆண்டுகட்குமுன் புதையுண்டு, பெயரும் தேய்ந்து, அழுவார் எவருமற்ற கல்லறைகளின் மீதும் புல் ஒட்டக் கத்தரிக்கப்பட வேண்டுமென வற்புறுத்துவோர் யாரை மதிக்கின்றனர்? இறந்தாரையல்ல, நாலுபேர் வாய்க்கு அஞ்சுகின்றனர். அச்சத்துக்கு மரியாதை என்று பெயரிடுவது உண்மையாகாது. அழுவார் இருக்குமிடத்தில் அவர் மனத்தைக் காப்பதும், இல்லாவிடத்தில் உயிர்களுக்கு இடம் விடுவதும் ஒரே அறத்தின் இரு கிளைகளாம். எந்த வழக்கத்தையும் காக்குமுன், அல்லது கைவிடுமுன், அதனால் வாழ்வார் யார், நோவார் யார் என்று வினவுதல் நம் கடமையாகும்.