ஒரே கிண்ணம்

சென்னையில் ஜப்பானியப் பாணியில் அமைத்த ஒரு காபிக் கடைக்கு முதல் தடவையாகப் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே பாய், முழங்கால் உயர மேசை, மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவு, கூரையெங்கும் துணியில் செய்த செர்ரிப் பூக்கள். வந்தவர்கள் பூக்களைப் படம் எடுத்தார்கள். நான் செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் சாவியோடு வந்தவரின் செருப்பும் என்னுடையதும் அடுத்தடுத்து இருந்தன.

கயத்தாறு பக்கத்துக் கரிசல் கிராமத்துக்காரன் நான். அங்கே செருப்பைக் கழற்றுவதற்கு வேறொரு வரலாறு உண்டு. சில தெருக்களில் சிலர் மட்டும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். என் அய்யா அப்படி நடந்தவர்.

*

பச்சைத் தேயிலைப் பொடியில் செய்யும் மாட்சா வந்தது. பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பே தேயிலைச் செடிக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்களாம். இலையைக் காயவைத்து, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திருகையில் அரைக்கிறார்கள். ஒரு திருகை ஒரு மணி நேரம் சுற்றினால் கிடைப்பது ஏறக்குறைய 40 கிராம்தான். கம்பும் உளுந்தும் வெயிலைத் தின்று விளைவதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, வெயிலை ஒளித்து வளர்க்கும் பயிர் புதிது. ஒற்றை மூங்கில் துண்டை நூலாகக் கீறிச் செய்த மத்தால் பொடியை வெந்நீரில் அடித்து, நுரை பொங்க வைத்தார் கடையில் பரிமாறிய பெண். பச்சைப்புல் வாசம், கசப்பு, பிறகு தொண்டையில் மெல்லிய இனிப்பு. நல்ல பானம்.

*

சுவரில் பழைய தீப்பெட்டி லேபிள்கள். ஜப்பானில் காபிக் கடைகள் தங்கள் பெயர் அச்சிட்ட தீப்பெட்டியை வாடிக்கையாளருக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. லேபிளைக் கண்டால் கோவில்பட்டிப் பக்கத்து ஆளுக்குக் கை தானாக நீளும். எங்கள் வீட்டில் எல்லோரும் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியிருக்கிறோம். 1910 வாக்கில் கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் தீப்பெட்டி செய்தன, அங்குள்ளவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் பழகி வந்தார்கள். பிறகு அது கரிசல் முழுக்கப் பரவியது.

*

ஜப்பானியத் தேநீர் முறைக்கு வடிவம் கொடுத்த ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் தேநீர் அறை ஒன்று கியோத்தோவுக்கு அருகே யமசாகியில் இன்றும் இருக்கிறது. இரண்டே பாய் அளவு. நுழைவாயில் ஏறக்குறைய இரண்டரை அடி உயரம். எவரானாலும் குனிந்து, மண்டியிட்டுத்தான் உள்ளே போக முடியும். சாமுராய் தன் வாளை வெளியே வைத்துவிட வேண்டும். கெட்டியான தேநீர் என்றால் ஒரே கிண்ணம்தான். ஒருவர் பருகி, விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் நீட்டுவார்.

அந்த ஒரே கிண்ணத்தில் என் மனம் நின்றுவிட்டது.

அய்யா சிறுவயதில் டீக்கடைக்கு வெளியே நின்று சிரட்டையில் குடித்தார். வாலிபத்தில் அலுமினியக் குவளை வந்தது. அதுவும் தனிக் குவளை. கூரைச் செத்தையில் சொருகியிருக்கும். தானே எடுத்து, தானே கழுவி, குடித்து, மறுபடி கழுவிச் சொருக வேண்டும். காசை மட்டும் கடைக்காரர் தயங்காமல் வாங்கிக்கொண்டார். இதை அய்யா கோபமில்லாமல்தான் சொல்வார். கோபம் எனக்குத்தான்.

*

ஜப்பானைப் போற்றுவதிலும் நிதானம் வேண்டும். ரிக்யூவின் அறைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பிரபுக்களும் பெருவணிகர்களும்தான். 1587இல் கியோத்தோவின் கித்தானோ கோயில் வளாகத்தில், ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி ஒரு பெரும் தேநீர்க் கூட்டம் நடத்தினார். உழவரும் வேலைக்காரரும்கூட வரலாம், வெந்நீர்ப் பாத்திரமும் வாளியும் கிண்ணமும் கொண்டுவந்தால் போதும், தேயிலை இல்லாதவர் வறுத்த மாவைக் கரைத்துக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு. பத்து நாள் என்று சொன்னது ஒரே நாளில் முடிந்துபோனது. அதே ஹிதேயோஷி 1591இல் ரிக்யூவைத் தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டார். அதே ஆண்டில்தான் வீரன் வீரனாகவும் உழவன் உழவனாகவுமே இருக்க வேண்டும் என்ற ஆணையும் பிறந்தது. சமத்துவம் இரண்டு பாய்க்கு வெளியே வரவில்லை.

சென்னைக் கடையிலும் விலை ஒரு வாசல்தான். கரிசலில் களையெடுக்கப் போகிற பெண்ணின் ஒருநாள் கூலியில் பெரும்பகுதி அந்தக் கிண்ணத்துக்குப் போய்விடும். ஆனால் அந்த வாசல் பிறப்பைக் கேட்பதில்லை. அய்யாவிடம் காசு இருந்தது, பொதுக் குவளைதான் கிடைக்கவில்லை.

*

கயத்தாறு நாற்கரச் சாலைக் கடைகளில் இப்போது எல்லோருக்கும் பேப்பர் கப். குடித்ததும் எறிந்துவிடுகிறோம். ஒருவர் வாய் வைத்ததை அடுத்தவர் தொட வேண்டிய தேவையே இல்லை. இந்தச் சமத்துவத்தை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. கழுவிய கண்ணாடிக் கிளாஸில் எல்லோரும் குடிக்கிற கடைதான் எனக்கு மரியாதையான கடை.

உங்கள் ஊரில் எங்காவது இன்னும் தனிக் குவளை இருந்தால் அங்கே டீ குடிக்காதீர்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். கடையின் பொதுப் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரில் ஒருவருக்கு மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.