‘இதைக் கேட்டுப்பார்’: இசைச் சுவையும் பகிர்வின் அறமும்

இசையில் ஈடுபாடுடைய ஒருவன் மனத்தைக் கவர்ந்த அல்பம் ஒன்றைக் கண்டடைந்ததும் அடுத்து நாடுவது ஒரு நண்பனையே. ‘இதைக் கேட்டுப்பார்’ என்கிறான். கேட்ட நண்பன் உதட்டைப் பிதுக்கிவிட்டால் சொன்னவன் உள்ளூர நோகின்றான். தனக்குப் பிடித்த மாம்பழத்தை நண்பன் விரும்பாதபோது இத்தகைய நோவு எழுவதில்லை. ‘அவனுக்கு அது பிடிக்காது’ என்பதுடன் விடயம் முடிந்துவிடுகின்றது. இசையில் மட்டும் அவ்வாறு முடிவதில்லை. இதற்குக் காரணம் யாது? தன் சுவையைப் பிறன்முன் வைப்பவன் அவனுக்கு எதையேனும் அளிக்கின்றானா, அன்றி அவனிடமிருந்து எதையேனும் கோருகின்றானா? சிறிய செயலாகத் தோன்றும் இதனுள் ஓர் அறவியற் பிரச்சினை பொதிந்துள்ளது.

ஜேர்மன் மெய்யியலாளர் இமானுவல் கான்ற், 1790 இல் வெளியிட்ட தமது மூன்றாவது விமர்சன நூலில், இனிமையானதற்கும் அழகானதற்கும் இடையே ஒரு கோடு கிழித்தார். ஒரு மதுவகை இனியது என்பவன் ‘எனக்கு’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டாற் போதும். எவரும் அவனுடன் வழக்காடமாட்டார். ஆனால் ஒன்றை அழகானது என்பவன் எல்லோர் சார்பாகவும் பேசுகின்றான். பிறரும் உடன்பட வேண்டும் என எதிர்பார்க்கின்றான். ஆயினும் அவ்வுடன்பாட்டை நிரூபணத்தால் வற்புறுத்திப் பெற முடியாது. அழகை நிறுவும் சூத்திரம் எதுவும் இல்லை. எனவே இசை இரசிகனிடம் இருக்கும் ஒரே வாதம், இசைத்தட்டை மீண்டும் சுழலவிடுவதே. அவனது நோவின் மூலத்தை இங்கு இனங்காணலாம். அவன் கோரியது தன் விருப்பத்துக்கான அங்கீகாரத்தை அன்று. தான் கண்டதைப் பிறனும் காண வேண்டும் என்பதையே.

தமிழ் மரபு இதனை வேறொரு வழியில் அணுகியுள்ளது. அமிழ்தமே வாய்ப்பினும் தனித்து உண்ண ஒப்பாதவர் வாழ்வதனாலேயே உலகம் நிலைத்திருக்கின்றது என்பது புறநானூற்றின் 182 ஆம் பாடல் உணர்த்தும் கருத்து. கல்வி பற்றிய அதிகாரத்தில் வள்ளுவரும், தமக்கு இன்பந் தருவது உலகுக்கும் இன்பந் தருவதைக் காணும்போது கற்றோருக்கு அதன்மேல் வேட்கை மிகும் என்கின்றார். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. உணவைப் பகிர்ந்தால் பகிர்ந்தவனது பங்கு குறையும்; அக்குறைவை ஏற்பதே அங்கு ஈகை. கல்வியும் இசையும் பகிர்வதாற் குறைவதில்லை. அவ்வாறாயின் இழப்பில்லாத இக்கொடையில் அறம் எங்கே உள்ளது என்ற வினா எழுகின்றது.

இழப்பு இல்லையெனல் பொருந்தாது. 1948 இல் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடக்கூடியது. ஓர் அல்பத்தைக் கேட்கச் சொல்பவன், நண்பனது வாழ்நாளில் முக்கால் மணிநேரம் வரை கேட்கின்றான். அத்துடன் தன் உள்ளத்தின் ஒரு பகுதியையும் திறந்துவைக்கின்றான். அது நகைப்புக்கு இடமாகலாம். கேட்பவன் நேரத்தையும் சொல்பவன் காப்பையும் இழக்கத் துணிகின்றனர். பகிர்வின் விலை இதுவே.

இவ்விடத்து ஒரு வலுவான மறுப்பு எழலாம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979 இல் வெளியிட்ட ஆய்வில், சுவை என்பது வர்க்கத்தின் முத்திரை எனக் காட்டினார். இன்னதை இரசிக்கிறேன் என்பவன் இன்னாரினும் நான் மேலானவன் எனவும் சொல்லிக்கொள்கின்றான். கர்நாடக இசையைக் கேட்பதாகச் சொல்வதற்கும் சினிமாப் பாடலைக் கேட்பதாகச் சொல்வதற்கும் தமிழ்ச் சூழலில் உள்ள மதிப்பு வேறுபாட்டை நோக்கின், இக்கூற்றின் உண்மை புலனாகும். ஆயினும் இது முழு உண்மையாகுமா? 1940களின் பிற்பகுதி தொடக்கம் லெனின்கிராட் நகரில், அரசினால் விலக்கப்பட்ட இசையை, மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்றே படங்களில் இரகசியமாகப் பதிந்து சிலர் பரப்பினர். எலும்புகளின் நிழல் தெரியும் அத்தட்டுகள் விரைவில் தேய்ந்துவிடுவன. அவற்றைச் செய்தமைக்காகச் சிலர் சிறையும் சென்றனர். அதில் வணிகமும் நவநாகரிக மோகமும் கலந்திருந்தமை மறுப்பதற்கில்லை. ஆனால் பெருமை காட்டுவதற்குப் பார்ப்போர் வேண்டும். சாத்திய கதவுக்குப் பின்னால் தாழ்ந்த ஒலியில் கேட்டவர்களுக்கு அவ்வாய்ப்புக் குறைவு. பகட்டு, பகிர்வில் கலக்கக்கூடும், பகிர்வே பகட்டாகிவிடாது.

இசையைப் படைத்தவனது உரிமையும் கவனத்திற்குரியது. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகஞ் செய்த கசற், பிரதி எடுத்தலை எளிதாக்கியது. ‘கேட்டுப்பார்’ எனச் சொல்வது எவர் பிழைப்பையும் கெடுப்பதன்று. பிரதியொன்றைக் கையளிப்பது கெடுக்கலாம். அமெரிக்காவின் கிறேற்புல் டெட் குழுவினர் 1984 இல் தமது கச்சேரிகளிற் பதிவு செய்வோருக்கெனத் தனியிடமே ஒதுக்கினர். அப்பதிவுகளை இரசிகர் தம்முட் பரிமாறலாம், விற்கலாகாது என்பது அங்கு வழங்கிய நெறி. எனினும் மேடையால் வாழ்ந்த ஒரு குழுவின் தாராளத்தைக் கொண்டு, பதிவினால் மட்டும் வாழும் கலைஞன்மீது கடமை சுமத்த முடியாது. இன்பத்தைப் பகிர்தல் இரசிகனது உரிமை. பொருளைப் பகிர்தற்கு உரியவன் இசைவு வேண்டும்.

இன்று பரிந்துரைக்கும் வேலையைக் கணினியும் செய்கின்றது. ஸ்பொட்டிபை நிறுவனம் 2015 முதல் ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் தனிப்பட்டியல் தயாரித்து வழங்குகின்றது. அப்பட்டியல் பல வேளைகளில் நண்பனது தெரிவினும் பொருத்தமாக அமைவதுண்டு. எனினும் அது எதையும் கேட்டு மகிழ்ந்ததில்லை, புறக்கணித்தாலும் நோவதில்லை. அதனாலேயே அதனை ஏற்பதிலும் மறுப்பதிலும் எவ்வித அறப் பொறுப்பும் எழுவதில்லை. நண்பனது சொல்லுக்கு உள்ள பாரம், அவன் தவறக்கூடியவன், நோகக்கூடியவன் என்பதிலிருந்தே வருகின்றது.

ஆங்கில மொழியில் எழுதிய ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் டேவிற் ஹியூம், 1757 இல் சுவையின் அளவுகோலை ஆராய்ந்தபோது, நல்ல நடுவனுக்குப் பயிற்சியும் ஒப்புநோக்கும் முற்சாய்வின்மையும் வேண்டுமென்றார். இவற்றைப் பிறரிடம் எதிர்பார்ப்பவன் முதலில் தன்னிடம் வளர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். தன் இசைத்தட்டுக்கு முக்கால் மணிநேரம் கேட்டவன், நண்பன் நீட்டும் தட்டுக்கும் அதே பொறுமையை அளித்தல் வேண்டும். கேட்டபின் மறுக்கும் சுதந்திரம் நண்பனுக்கு உண்டு. கேளாமலே மறுக்கும் சுதந்திரத்தை மட்டும் நட்பு எவருக்கும் வழங்குவதில்லை. ‘இதைக் கேட்டுப்பார்’ என்று சொல்லும் உரிமை, ‘உன்னுடையதைத் தா, கேட்கிறேன்’ என்று சொல்லக்கூடியவனுக்கே உரியது.