உங்கள் முறை கடைசி முறை இல்லை, அம்மா!

“இனிமே எனக்கு எதுக்குப் படிப்பு? புள்ளைங்க படிச்சாப் போதும்.”

அம்மாக்கள் இப்படிச் சொல்லும்போது ஊர் மெச்சுகிறது. ‘என்ன தியாகம்!’ என்கிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவது போல, எல்லோரும் படித்து முடித்த பிறகு மிஞ்சும் நேரத்தில் தான் எதையாவது கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு பெண் நாற்பது வருடம் காத்திருக்கிறாள். கடைசியில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ‘வயசாயிடுச்சு’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறாள்.

அந்தக் கதவைத் திறங்கள் அம்மா! பிள்ளை வளர்ப்பது, தான் கற்பது, ஊருக்கு உழைப்பது ஆகிய மூன்றும் மூன்று தனி வாழ்க்கைகள், அதில் ஒன்றைத்தான் பெண் தேர்ந்தெடுக்க முடியும் என்று யாரோ உங்களை நம்ப வைத்துவிட்டார்கள். நம்பாதீர்கள். மூன்றும் ஒரே வாழ்க்கை. ஒன்று இன்னொன்றை வளர்க்கும்.

96 வயதில் பரீட்சை

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டம், சேப்பாடு. அங்கே வாழ்ந்த கார்த்தியாயினி அம்மா சின்ன வயதில் பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர். கோயில்களில் பெருக்கியும், வீட்டுவேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்தவர். நடுவயதைக் கடந்த மகள் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியதைப் பார்த்தார். ‘மகளால் முடிகிறதென்றால் என்னாலும் முடியும்’ என்று உட்கார்ந்துவிட்டார். எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? கொள்ளுப் பேரப்பிள்ளைகள்!

2018-இல் கேரள எழுத்தறிவு இயக்கத்தின் ‘அக்ஷரலக்ஷம்’ தேர்வு நடந்தது. தேர்வு எழுதியவர்கள் 40,000-க்கும் மேல். கார்த்தியாயினி அம்மா வாங்கிய மதிப்பெண் நூற்றுக்கு 98. வாசிப்பில் முழு மதிப்பெண், கணக்கில் முழு மதிப்பெண், எழுத்தில் மட்டும் இரண்டு குறைவு. அப்போது அவருக்கு வயது 96. அத்தோடு நிற்கவில்லை. அடுத்து கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்றார். மடிக்கணினியும் வந்து சேர்ந்தது. 2020 மகளிர் தினத்தில் குடியரசுத் தலைவர் கையால் ‘நாரி சக்தி’ விருது வாங்கினார். 2023-இல் 101-ஆம் வயதில் மறைந்தபோது அவர் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணாக மறைந்தார்.

கொல்லம் மாவட்டத்துப் பாகீரதி அம்மாவின் கதை இன்னும் நெஞ்சைச் சுடும். தாய் இறந்ததால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட சிறுமி. பிறகு கணவரை இழந்து ஆறு பிள்ளைகளைத் தனியாளாக ஆளாக்கிய தாய். விட்ட இடத்தை அவர் மறக்கவே இல்லை. 2019-இல், 105 வயதில், நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதினார். கை ஒத்துழைக்காததால் மூன்று நாள் எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே உட்கார்ந்து எழுதி முடித்தார். 275-க்கு 205. கணக்கில் 75-க்கு 75!

இப்போது சொல்லுங்கள். உங்களுக்கு என்ன வயது?

‘எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறதே!’

இருக்கட்டும். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கும் குடும்பம் இருந்தது. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளைத் தாண்டி நுழைந்த பெண் அவர். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். 1914-இல் திருமணம் செய்துகொண்டபோதே, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார்.

டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று, பிள்ளைகள் பிறந்தாயிற்று, இனி என்ன என்று அவர் உட்காரவில்லை. 1925-இல், நாற்பதை நெருங்கும் வயதில், கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு லண்டனுக்கே போய், பெண்கள் குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றார். குடும்பத்தை விட்டுவிட்டுப் போகவில்லை. படிப்புக்காகக் குடும்பமே கப்பலேறியது! திரும்பி வந்ததும் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர், அதன் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-இல் சட்டமாக முடிந்தது. தங்க இடமில்லாமல் வந்து நின்ற சிறுமிகளுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். அதுதான் அவ்வை இல்லம் ஆயிற்று.

ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். 1923-இல் அவர் தங்கை புற்றுநோயால் இறந்தார். தங்கை பட்ட வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்த அந்த மருத்துவர், இந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று மனதில் முடிந்துகொண்டார். பணமில்லை, அரசின் ஆதரவு எளிதில் கிடைக்கவில்லை, குணமாகாத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் உண்டு. அவர் விடவில்லை. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியபோது அவருக்கு வயது 67. அங்கே முன்னின்று உழைத்த மருத்துவர் யார்? அவர் மகன் கிருஷ்ணமூர்த்தி. தாய் படித்தால் பிள்ளைக்குக் குறைந்துபோகும் என்கிறவர்கள் இந்த ஒரு தாயையும் மகனையும் பார்க்கட்டும்! இன்றைக்குத் தமிழகத்தில் கர்ப்பிணிகள் வாங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

‘அவர் டாக்டர். நான் சாதாரணப் பெண்!’

அதே புதுக்கோட்டைக்கு வாருங்கள். 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தைக் குலுக்கியது. கல் உடைப்பவர்கள், களை எடுப்பவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாம் கற்க வந்தார்கள். எழுத்தோடு சைக்கிளையும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன்பாரில் குழந்தை, பின் கேரியரில் தண்ணீர்க் குடம். கேலி பேசியவர்களைத் தாண்டி மிதித்தார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்து நகருக்குள் நுழைந்தபோது புதுக்கோட்டையே வாயடைத்து நின்றது.

இதில் நான் உச்சியில் வைப்பது வேறொன்றை. நேற்றுக் கற்றவள் இன்று தோழியின் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கற்றுக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். கூலிக்குச் செய்ததில்லை. தெரிந்த நாலெழுத்தைத் தெரியாதவளுக்குக் கொடுத்தார்கள். ஊர்த் தொண்டு என்றால் இதுதான். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம்.

எழுந்திருங்கள்!

பத்தாவதில் நின்றுபோனீர்களா? தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத வயது உச்சவரம்பு கிடையாது. பட்டம் வேண்டுமா? தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படிவத்தை வாங்கி உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். பரீட்சையே வேண்டாமா? ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினராகுங்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்க இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறீர்களா? இந்த வாரமே அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பேரன் சிரிப்பானா? சிரிக்கட்டும். அவனையே வாத்தியாராக்குங்கள். கார்த்தியாயினி அம்மா அதைத்தான் செய்தார்.

ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வீடு தன் காபியைத் தானே போட்டுக்கொள்ளட்டும்! ‘அம்மா படிக்கிறாங்க’ என்று வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகட்டும். அப்படி ஒரு வீட்டில் வளரும் பிள்ளைக்கு ‘படி படி’ என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது. கற்றதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாத ஒரு பாட்டிக்கு, கூட்டல் கணக்கில் தடுமாறும் ஒரு பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

உங்களை யாரும் அழைக்க மாட்டார்கள், அம்மா. அழைப்புக்குக் காத்திருந்த வருடங்கள் போதும். உங்கள் உழைப்பில் இந்த வீட்டில் எல்லோரும் ஆளானார்கள். இப்போது உங்கள் முறை. கேட்டு வாங்காதீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள்!