எவர் கண்ட பழமை?

பழமையைப் பேணுதல் நன்று என்பதில் நம்மிடையே பெரிதும் கருத்து வேறுபாடில்லை. பேணப்படுவது எவருடைய பழமை என்னும் வினாவைத்தான் நாம் போதியளவு எழுப்புவதில்லை. ஏட்டுச்சுவடி குறித்தும் கோயிற் சிற்பங் குறித்தும் அவ்வினாவை எழுப்பினோர் உளர். இங்கு நாம் எடுத்துக்கொள்வது சற்றுப் புதியதொரு பழமை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதுடைய கணினிகளின் பழமை.

அப்பிள் 2 கணினி 1977 இலும் ஐ.பி.எம். பீ.சி. 1981 இலும் வெளிவந்தன. அவ்வியந்திரங்கள் பழுதுற்று மறைந்து வருகின்றன. ஆயினும் அவற்றுக்கென எழுதப்பட்ட மென்பொருள்களும் விளையாட்டுகளும் மறையவில்லை. இன்றைய கணினியைப் பழைய கணினிபோல் நடக்கச் செய்யும் எமுலேற்றர்கள் அவற்றை உயிருடன் வைத்திருக்கின்றன. 1997 இல் வெளிவந்த மேம், 2002 இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் ஆகியன அவற்றுட் பெயர் பெற்றவை. ஊதியங் கருதாது பலர் உழைத்து ஆக்கியவை. அவ்வுழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் விழிப்புலனற்ற ஒருவர் இவற்றின்முன் அமர்ந்தால் அவருக்குக் கிடைப்பது யாது? பெரும்பாலும் மௌனமே.

இம்மௌனத்தின் காரணம் ஆராயத்தக்கது. ஐ.பி.எம். பீ.சி.யின் எழுத்துத் திரை, வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகள் கொண்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், அதன் நிறத்துக்கு ஓர் எண், ஆக 4000 பைற் நினைவகத்தில் அத்திரை முழுவதும் அடங்கியிருந்தது. அக்காலத் திரைவாசிப்பு மென்பொருள் அந்நினைவகத்தை நேரே படித்து, கணினியோடு இணைத்த பேச்சுப் பெட்டிக்கு அனுப்பிற்று. பெட்டி வாய்விட்டு வாசித்தது. 1978 இல் விபத்தொன்றிற் பார்வையிழந்த ரெட் ஹென்ரரின் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட ஜோஸ் அத்தகையதே. அப்பிள் 2 கணினிக்கு எக்கோ 2 என்னும் பேச்சு அட்டை இருந்தது. அதாவது, அப்பழைய இயந்திரங்கள் தம் காலத்திலேயே பேசின. எமுலேற்றரோ அந்த 4000 பைற்றையும் பழுதின்றித் தன்னுட் கொண்டிருந்தும், அவற்றைப் புள்ளிகளாலான படமாக வரைந்தே வெளியிடுகின்றது. இன்றைய திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். எழுத்து அழியவில்லை, வாயிலில் மறிக்கப்படுகின்றது.

மூலத்துக்கு உண்மையாயிருத்தலே தம் நோக்கம் என்பர் இத்துறையினர். பழைய கண்ணாடித் திரையின் வளைவையும், அதன் கிடைக்கோடுகளையும், வட்டு இயக்கியின் கரகரப்பையுங்கூட அவர்கள் மீட்டுருவாக்கியுள்ளனர். பேச்சு மட்டும் மூலத்தில் இல்லாத சேர்க்கை போலத் தோன்றுகின்றது! ஏட்டைப் பெயர்த்தெழுதப் புகுந்த ஒருவன் செல்லரித்த துளைகளை ஒன்றுவிடாது வரைந்துவிட்டு, எழுத்தைக் கோலமாக்கிவிட்டால் அவனை நாம் உண்மையான படியெடுப்போன் என்போமா? பார்வையுடையோர் கண்ட இயந்திரமே மூலம், விழிப்புலனற்றோர் கேட்ட இயந்திரம் மூலமன்று என்னும் தீர்ப்பு இதனுள் மறைந்து கிடக்கின்றது. அதனை எவரும் வேண்டுமென்று வழங்கவில்லை என்பது மெய்யே. வேண்டுமென்று வழங்கப்படாத தீர்ப்புகளை மாற்றுவதுதான் கடினம்.

எம்முடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு, "தொழிலின்றித் தவிக்கும் விழிப்புலனற்றோருக்குப் பழைய விளையாட்டு ஒன்றுதானா குறை?" என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. நாமும் உடனே விடைகூறவில்லை. வயிறு முதலில் என்பதை மறுப்பார் இலர். ஆயின் அவ்வரிசையைப் பிறருக்காக வகுக்கும் நாம், நமக்கு அதனை வகுத்துக்கொள்வதில்லை. பாடசாலை விட்டதும் நண்பர் தொலைபேசியிற் சதுரங்கம் ஆடுகிறார். அதற்கு எவரிடமும் அவர் காரணங் கூறவேண்டியதில்லை. தேவையை மட்டும் அளந்து கொடுப்பது ஈகை. 2006 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றதும், 2016 இல் இலங்கை உறுதிப்படுத்தியதுமான மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்வதை உரிமையென்றே பேசுகின்றது.

செய்ய முடியாததையா கேட்கிறோம்? 1979 இல் இன்போகொம் நிறுவனத்தார் இஸட் இயந்திரம் என்றொரு கற்பனைக் கணினியை வகுத்தனர். அதற்கென எழுதிய சொர்க் என்னும் எழுத்து விளையாட்டு 1980 இல் விற்பனைக்கு வந்தது. அவ்வியந்திரத்தை இன்று நடத்திக்காட்டும் புரொட்ஸ் போன்ற மென்பொருள்கள் எழுத்தை எழுத்தாகவே வெளியிடவல்லன. ஆகவே விழிப்புலனற்றோரும் பார்வையுடையோரும் ஒரே விளையாட்டை ஆடுகின்றனர். தனிச்சலுகை எதுவும் அங்கில்லை. எழுத்தைக் கெடுக்காது விட்டதே போதுமாயிற்று. படமாகவே பிறந்த விளையாட்டுகளின் நிலை வேறு. அவற்றுக்கு ரெட்ரோஆர்ச் 2019 இல் ஒரு வழி கண்டது: திரையைப் படம்பிடித்து, எழுத்தை இனங்கண்டு, வாசித்துக் காட்டுதல். பயனுள்ளதே, எனினும் நினைவகத்திலேயே எழுத்து இருக்கும்போது அதனைப் படமாக்கி, மீண்டும் படத்திலிருந்து எழுத்தைத் தேடுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும்.

மேம், நாம் மேலே கூறிய எக்கோ 2 அட்டையையும் மீட்டுருவாக்கியுள்ளது. அப்பிள் 2 அதனுள் மீண்டும் பேசுகின்றது. ஆயின் மேமினுடைய சொந்தத் தெரிவுப் பட்டியலோ படமாகவே வரையப்படுகின்றது. பேசும் இயந்திரத்தை இயக்க விரும்பும் விழிப்புலனற்றவர் கட்டளைகளை மனனஞ் செய்து தட்டெழுத வேண்டும். அன்றேல் பட்டியலை வாசித்துச் சொல்லப் பக்கத்தில் ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும்.