பருவமும் பசியும்

இயற்கையோடு இயைந்து வாழ்தல் உயர்ந்த அறம் என்பது பலராலும் ஏற்கப்பட்ட கருத்தாகும். அவ்வறத்தை உணவுக் கலத்திலேயே காட்ட முனைந்தோர் யப்பானியர். எனினும், பருவத்தைச் சுவைப்பவர் ஒருவராகவும் அதன் சுமையைத் தாங்குபவர் வேறொருவராகவும் இருக்குமிடத்து, அவ்வியைபை அறம் எனக் கூறலாமா என்னும் வினா எழுகின்றது. யப்பானிய விருந்தையும் மலையகத்தையும் தேயிலை என்னும் ஒரு பொருள் தொடுப்பதால், இவ்வினாவை வட்டவளையில் நின்று நோக்குதல் பொருந்தும்.

'கைசெக்கி' என வழங்கும் விருந்து தேநீர்ச் சடங்கிலிருந்து வளர்ந்தது. வெறும் வயிற்றில் கடுந்தேநீர் அருந்தலாகாது என்பதற்காக முன்னதாக அளிக்கப்பட்ட எளிய உணவே அது. சோற்றோடு ஒரு சாறும் மூன்று கறிகளுமே அதன் அளவு. அச்சொல்லுக்கு 'மடியிலுள்ள கல்' என்பது பொருள். ஸென் துறவிகள் பசியை அடக்கச் சூடேற்றிய கல்லை ஆடைக்குள் அணைத்து வைத்தனர் என்பது மரபுவழி விளக்கம். இன்று கியோத்தோ உணவகங்களிற் பெரும்பொருள் கொடுத்து உண்ணப்படும் விருந்தின் பெயருக்குள் ஒரு பசி ஒளிந்து கிடக்கின்றது! உணவுப்பொருள் ஒவ்வொன்றும் சுவை முதிர்ந்து நிற்கும் காலத்தை அவர்கள் 'ஷுன்' என்பர். இளவேனிலில் மூங்கிற் குருத்து, கோடையில் ஆற்று மீன், இலையுதிர் காலத்திற் காளான் எனப் பருவந்தோறும் உணவு மாறும். கலமும் உடன் மாறும்.

இதனைச் செல்வர்தம் விளையாட்டு என ஒதுக்குதல் நேர்மையாகாது. இச்சடங்கைச் செப்பஞ்செய்த சென் நோ ரிக்கியு (1522 - 1591) அமைத்ததாகக் கூறப்படும் தேநீர்க் குடில் இரண்டே பாய்களின் அளவினது. அதன் சிறுவாயிலில் எத்தகையோரும் குனிந்தே புகுதல் வேண்டும். விருந்தளிப்பவனே தோட்டத்தைத் தூய்மை செய்து, நீர் மொண்டு, கரியிட்டு, உணவையும் தன் கையாற் பரிமாறுவான். சுவையும் உழைப்பும் அங்கே ஒருவனிடத்திற் கூடின. (பொன்னால் தேநீரறை அமைத்த ஹிதெயோஷியின் கட்டளையாலேயே ரிக்கியு உயிர் துறக்க நேர்ந்தது என்பதும் நினைக்கத்தக்கது.)

வட்டவளையில் அவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன. இலங்கையின் மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்றான அங்கு ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். தென்மேல் பருவக்காற்றின் மாதங்களில், இடுப்பிற் படங்கு கட்டி, அட்டைக்கடியோடு மலையேறும் கொழுந்து பறிக்கும் பெண்ணைக் காட்டிலும் பருவத்தை நெருங்கி அறிந்தார் யார்? ஆயினும் அவளது அறிவை 'இயைபு' என்று எவரும் போற்றுவதில்லை. யப்பானில் தேயிலைச்செடி குளிர்காலத்தில் உறங்கி, மே மாதத் தொடக்கத்தை ஒட்டி முதற்கொழுந்தைத் தரும். மலையகச் செடிக்கு அவ்வுறக்கமும் இல்லை. ஆண்டு முழுதும் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை அது பறிக்கப்படுகின்றது. சில ஆண்டுகளுக்கொருமுறை வரும் கவ்வாத்தே அதற்கு ஓய்வு.

இதனினும் கூரிய முரண் ஒன்றுண்டு. வட்டவளைக்கு அப்பால் திம்புள்ளப் பகுதியில், ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் செடியின் வளர்ச்சியைத் தளர்த்த, கொழுந்தில் மணம் செறிகின்றது. உலகச் சுவைஞர் காத்திருக்கும் அக்காலத்தைத் தேயிலையின் 'ஷுன்' எனலாம். அக்காலத்திலேதான் கூடை நிறைவதில்லை. குறித்த நிறை சேராவிடின் முழுப்பேர் கிடையாத நாட்களும் உண்டு. ஏலத்தில் மணத்துக்கு விலை. தராசில் நிறைக்கே கூலி. அந்த மணமும் கப்பலேறிவிட, லயத்து அடுப்பிற் கொதிப்பது பெரும்பாலும் தூளே.

கைசெக்கியின் பெயரிலுள்ள பசியும் மலையகத்துக்குப் புதியதன்று. 1973 - 74இல் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது தோட்டங்களிற் பட்டினியாற் பலர் மாண்டனர். துறவி தன் பசியைத் தானே தெரிந்துகொண்டான். தோட்டத்தவர்க்கு அத்தெரிவு வாய்க்கவில்லை.

தொலைவிலிருந்து சுவைப்பவர் இவற்றை அறியார். அறியாதது குற்றமாகாது எனச் சிலர் வாதிடலாம். ஆயின், பருவத்தைப் போற்றும் உணவகம் மீன் எந்த ஆற்றினது, காளான் எந்த மலையினது என நுணுகி ஆராய்கின்றது. அத்துணை ஆராயும் ஒன்று, கொழுந்து கொய்தவளின் அன்றைய கூலி யாது என்பதை மட்டும் கேளாது விடுமாயின், அதனை அறியாமை என்று கூறுதல் கடினம்.