வேறு வழி இல்லாதவரின் தண்ணீர்

இந்தியாவின் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 பல பொருள்களுக்கு இரண்டு அளவுகளைத் தருகிறது. முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் அனுமதிக்கத்தக்க அளவு. கரைந்த உப்புகளின் மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராமிலிருந்து 2,000 வரை போகலாம். ஃபுளோரைடு 1 மில்லிகிராமிலிருந்து 1.5 வரை போகலாம். ஈயத்துக்கும் நைட்ரேட்டுக்கும் இந்தத் தளர்வு கிடையாது. உப்பு கூடினால் நாக்கு சொல்லிவிடும்; குடிப்பவர் முகம் சுளிப்பார், புகார் கொடுப்பார். ஃபுளோரைடு நிறமோ மணமோ சுவையோ காட்டாமல் உடம்பில் சேர்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காதவர் என்பதற்காக ஒருவருக்குக் கூடுதல் அளவை அனுமதிப்பது நியாயமா என்ற கேள்வி அதனால் ஃபுளோரைடில்தான் கூர்மையாக எழுகிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. அங்குள்ள கருங்கல், நைஸ் பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் கலந்திருக்கின்றன. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீரில், அதிலும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரில், ஃபுளோரைடு கூடுதலாகக் கரைகிறது. ஏறக்குறைய எட்டு வயது வரை, நிலைப்பற்கள் உருவாகும் காலத்தில், அளவுக்கு மீறி உட்கொண்ட குழந்தையின் பல்லில் முதலில் வெள்ளைத் திட்டும், பாதிப்பு கடுமையானால் பழுப்புக் கறையும் படிகின்றன. மிகுந்த அளவைப் பல ஆண்டுகள் குடித்தவருக்கு மூட்டுகள் இறுகுகின்றன. முற்றிய நிலையில் முதுகு வளைகிறது. எலும்பில் ஏறிய கேட்டை மீட்க மருந்தில்லை. தண்ணீரைக் காய்ச்சினாலும் பயனில்லை, நீர் ஆவியாகி ஃபுளோரைடு அடர்த்திதான் கூடும். இந்நோய் இங்குப் புதிதும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்து 1937 இலேயே மருத்துவ ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள்.

தளர்வுக்கு ஆதரவான வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1 மில்லிகிராமைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகளையெல்லாம் மூடினால், மக்கள் ஏரிக்கும் திறந்த கிணற்றுக்கும் போவார்கள். அங்கே கிருமி காத்திருக்கும். பல்லில் கறை ஏறப் பல ஆண்டுகள் ஆகும், வயிற்றுப்போக்கு ஒரு கைக்குழந்தையைச் சில நாள்களிலேயே கொன்றுவிடும். ஃபுளோரைடு முழு நஞ்சும் அல்ல, சிறிய அளவில் பல் சொத்தையைத் தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 தான். நிறைவேற்ற முடியாத விதியை எழுதி வைத்தால் அதை எல்லோரும் மீறுவார்கள், மீறலையும் யாரும் எண்ணமாட்டார்கள்.

இவ்வளவும் உண்மையே. ஆனால், உலக சுகாதார நிறுவனம் அந்த அளவைச் சொல்லும்போதே உள்ளூர்த் தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அமெரிக்கா 1962 இல் பரிந்துரைத்த ஃபுளோரைடு அளவுகள் 0.7 முதல் 1.2 மில்லிகிராம் வரை இருந்தன. வெப்பமான ஊர்களுக்குக் குறைந்த அளவு, குளிரான ஊர்களுக்குக் கூடிய அளவு. வெயிலில் களை எடுப்பவரும் கல் உடைப்பவரும் நிழலில் இருப்பவரைவிட அதிகத் தண்ணீர் குடிக்கிறார்கள். அளவு யாருக்குக் குறைய வேண்டுமோ அவர்களுக்குத்தான் தளர்வு என்ற பெயரில் கூடுகிறது. மாற்று இல்லை என்பதை எலும்பு அறியாது.

மாற்று இல்லை என்று முடிவு செய்வது யார் என்பதே இதில் கனமான கேள்வி. தர்மபுரிக்குக் காவிரி ஒருநாளும் தொலைவில் இருந்ததில்லை. ஆறு மாவட்டத்தின் எல்லையைத் தொட்டே ஓடுகிறது. இருந்தும், ஜப்பானியக் கடனுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இடையில் மாநிலங்களுக்கிடையிலான தகராறும் நிதிக் கணக்கும் இருந்தன. ஆக, மாற்று இல்லை என்பதில் பெரும்பகுதி, இன்னும் செலவு செய்யவில்லை என்பதுதான். செலவைத் தள்ளிப்போட்டவரின் சுமை குடித்தவரின் முதுகெலும்பில் ஏறியது. படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறை 1970களிலிருந்தே தெரிந்த ஒன்று. ஆனால் அதற்கு நாள்தோறும் சரியான அளவில் மருந்து கலக்க ஆள் வேண்டும், அலுமினியம் கலந்த கசடைப் பாதுகாப்பாக அகற்ற இடம் வேண்டும். இரண்டுக்கும் தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும்.

ஆகவே தளர்வை ஒரு கடனாகக் கொண்டால் மட்டுமே அதை ஏற்க முடியும். கடனுக்குத் தவணை உண்டு. தரநிலையின் இரண்டாம் அளவுக்கோ காலக்கெடு எதுவும் இல்லை. கடன் வாங்கியவர் அதைத் தந்தவரிடம் மறைக்கவும் கூடாது. இங்கே தந்தவர், தம் உடம்பைக் கொடுத்துப் பொறுத்துக்கொள்ளும் மக்கள்.

சொல்வதிலும் நேர்மை வேண்டும் என்பதற்கு வங்கதேசம் சான்று. கிருமி நீரிலிருந்து காக்க அங்கே அடிகுழாய்கள் பரப்பப்பட்டன. 1993 இல் அவற்றில் ஆர்செனிக் கண்டறியப்பட்டது. பின்னர் இலட்சக்கணக்கான குழாய்களைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். எழுத்தறியாதவரும் அன்றே புரிந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பச்சைக் குழாய்க்கு மாற முடிந்தது. அது பெரும் நன்மை. ஆனால் பச்சைக்கு வரம்பு நாட்டுத் தரநிலையான லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 10. இடைப்பட்ட நீரைக் குடித்தவருக்கும் பச்சை நிறம் பயமில்லை என்றே சொன்னது.

தர்மபுரிப் பக்கம் ஆற்று நீர் வந்த ஊர்களிலும், மறைக்காமல் சொல்லும் இதே பொறுப்பு தொடர்கிறது. வரத்துக் குறையும் நாள்களில் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஏற்றப்பட்டால், குழாயில் வருவது எந்த விகிதக் கலவை என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரும் 0.3 உள்ள ஆற்று நீரும் சரிபாதி கலந்தால் 1.65 ஆகும், தளர்த்திய வரம்பையும் அது தாண்டிவிடும். வசதியுள்ளவர் கேன் தண்ணீருக்கோ ஆர்.ஓ. கருவிக்கோ மாறிவிடுகிறார், அதோடு பொதுக் குழாய்க்காகக் கேள்வி கேட்கும் குரல்களில் ஒன்று குறைகிறது. எஞ்சியவருக்குச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கலக்கும் நாளில் கலக்கிறோம் என்று ஊருக்கு அறிவிக்கலாம். சோதனை முடிவைத் தொட்டியின் சுவரிலேயே எழுதி, கிராம சபையில் படிக்கலாம். ஆற்று நீர் எவ்வளவு குறைவாக வந்தாலும் முதல் பங்கை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும், பால்குடி மறந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் ஒதுக்கலாம். துணி துவைக்கவும் மாட்டைக் கழுவவும் கிணற்று நீர் போதும்.